தோரா கற்றவர் வந்தால் ஏன் எழுந்து நிற்கிறார்கள்? யூதர்களின் கற்றோர் மரியாதை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூதர்களின் வேதமான தோராவைப் படிக்கும் யெஷிவா என்ற பாடசாலைக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது இரைச்சல்தான். இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே வரியை வைத்துக்கொண்டு கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போடுவதுபோல் படித்துக்கொண்டிருப்பார்கள். வாசலில் தலைமை ஆசிரியர் தெரிந்ததும் நாற்காலிகள் பின்னால் நகரும், அத்தனை பேரும் எழுந்து நிற்பார்கள், அவர் தன் இடத்தில் உட்கார்ந்ததும் மறுபடி அதே இரைச்சல். இதைப் படத்திலோ நேரிலோ பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

தல்மித் ஹகாம் என்கிறார்களே, அவர் யார்? ரபியும் அவரும் ஒன்றா?

ஒன்றல்ல. ரபி என்பது யூத மதகுருவுக்குரிய பட்டம், பல நேரம் பதவியும்கூட. தல்மித் ஹகாம் என்பது ஒருவருடைய படிப்பை வைத்துச் சொல்லும் பெயர். எபிரேயத்தில் அதன் நேர்ப்பொருள் "ஞானியின் மாணவர்". எவ்வளவு கரைத்துக் குடித்தாலும் மாணவர் என்றுதான் பெயர், இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். வில்னாவின் காவோன் என்று அழைக்கப்பட்ட எலியாஹு (1720–1797) கடைசிவரை எந்த ஊரின் ரபி பதவியையும் ஏற்கவில்லை. ஆனால் கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடம் அவர் சொல்லுக்கு இருந்த எடை பதவியில் உட்கார்ந்திருந்த எத்தனையோ ரபிகளுக்கு இல்லை.

பிறப்பும் இதில் குறுக்கே வருவதில்லை. சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னா இதை நெத்தியடியாகச் சொல்கிறது: படித்த மம்சேர், படிக்காத தலைமை ஆசாரியனுக்கு முந்தியவன். மம்சேர் என்றால் தடைசெய்யப்பட்ட உறவில் பிறந்தவன், சாதாரண யூதக் குடும்பத்தில் பெண்ணெடுக்கக்கூட முடியாதவன். தலைமை ஆசாரியனோ எருசலேம் ஆலயத்தின் உள்ளறைக்குள் ஆண்டுக்கொரு நாள் நுழையும் உரிமை பெற்றவன். இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, படிப்பு யாரிடம் இருக்கிறதோ அவனுக்கு முதலிடம் என்கிறார்கள். திருமணத் தடை அப்படியே இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். பிறப்பால் வரும் எல்லாத் தடையையும் படிப்பு உடைத்துவிட்டது என்று கதை கட்ட முடியாது.

எழுந்து நிற்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

லேவியராகமம் 19:32. நரைத்தவனுக்கு முன்பாக எழுந்திரு, முதிர்ந்தவன் முகத்தைக் கனம்பண்ணு, உன் தேவனுக்குப் பயந்திரு என்று வரும். இதில் "முதிர்ந்தவன்" என்பதற்கு இருக்கும் எபிரேயச் சொல் சாகேன். அது வயதை மட்டும் குறிக்காது, ஞானத்தைச் சம்பாதித்தவனைக் குறிக்கும் என்று, மிஷ்னாவின் மேல் எழுந்த விவாதங்களின் தொகுப்பான தல்மூத் விளக்குகிறது. அதனால் இருபது வயதுப் பையனாக இருந்தாலும் கற்றவன் என்றால் அவனும் சாகேன்தான்.

இன்னொரு கதையும் உண்டு, அது தமிழ் இலக்கணம் தெரிந்தவர்களுக்கு உடனே பிடிபடும். எபிரேயத்தில் "எத்" என்று ஒரு சின்னச் சொல் இருக்கிறது, நம்முடைய இரண்டாம் வேற்றுமை "ஐ" செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது, தனியாக அர்த்தம் கிடையாது. தோராவில் ஒரு எழுத்துகூட வீணாக வராது என்று நம்பியவர்கள் இந்த "எத்"தையும் விட்டுவைக்கவில்லை. ஷிமோன் அம்சோனி என்பவர் தோராவில் வரும் ஒவ்வொரு "எத்"துக்கும் கூடுதலாக ஒரு பொருளைக் கண்டுபிடித்துக்கொண்டே வந்தார். "உன் தேவனாகிய கர்த்தருக்குப் பயந்திரு" என்ற வரியில் வந்து நின்றுவிட்டார். கடவுளோடு சேர்த்து வேறு எதற்குப் பயப்படுவது? செய்த வேலை அத்தனையையும் அங்கேயே கைவிட்டார். மாணவர்கள் பதறியபோது, விளக்கியதற்கு எனக்குக் கூலி கிடைத்ததுபோல் விலகியதற்கும் கிடைக்கும் என்றார். பிறகு ரபி அகிவா வந்து அந்த "எத்"துக்குப் பொருள் சொன்னார்: தோரா கற்றவர்களையும் சேர்த்துக்கொள்ளத்தான் அந்தச் சொல். துணிச்சல்தான். அவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர் என்பதை மறந்துவிட வேண்டாம்.

தோராச் சுருளுக்கு எழுந்து நிற்பது புரிகிறது, ஒரு மனிதனுக்கு எதற்கு?

இதே கேள்வியைத் திருப்பிப் போட்டவர் ராவா, நான்காம் நூற்றாண்டில் பாபிலோனில் வாழ்ந்த அறிஞர். தோராச் சுருளுக்கு எழுந்து நிற்கிறார்கள், பெரிய மனிதருக்கு எழுந்து நிற்பதில்லை, இந்த ஜனங்கள் எவ்வளவு முட்டாள்கள் என்கிறார். அவர் காட்டும் சான்று சவுக்கடி. சுருளில் நாற்பது அடி என்று எழுதியிருக்கிறது, அறிஞர்கள் வந்து விளக்கி 39 ஆக்கினார்கள். அதாவது எழுத்து தானாகப் பேசாது, அதைப் படித்துத் தீர்ப்பாக்குகிற ஆள் வேண்டும், அப்படியானால் சுருளுக்கு நிற்கிற நீ அவருக்கு நிற்காமல் இருப்பதில் என்ன நியாயம் என்பது வாதம். ஒரு அடி குறைந்தவனைக் கேட்டால் ராவா சொல்வதுதான் சரி என்பான்!

நடைமுறையில் என்னென்ன செய்ய வேண்டும்?

எல்லாவற்றையும் சொன்னால் இந்தப் பக்கம் போதாது. யோசேப் காரோ தொகுத்து 1565-இல் வெனிஸில் அச்சான ஷுல்ஹான் ஆருக் என்ற சட்டத் தொகுப்பில் இதற்கென்றே பல அதிகாரங்கள் இருக்கின்றன. சாரத்தை மட்டும் சொல்கிறேன்.

சாதாரண அறிஞர் நான்கு முழத்துக்குள், அதாவது ஏறத்தாழ 2 மீட்டருக்குள் வந்தால் எழ வேண்டும், தாண்டிப் போனதும் உட்காரலாம். நம் படிப்பில் பெரும்பகுதியைக் கற்றுத் தந்த ஆசிரியர் என்றால் கணக்கு வேறு: தூரத்தில் கண்ணில் பட்டதுமே எழுந்து, மறையும்வரை நிற்க வேண்டும். அவருடைய இருக்கையில் உட்காரக் கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அவர் சொன்னதை அவர் முன்னால் முகத்தில் அடித்தாற்போல் மறுக்கக் கூடாது, அவர் இருக்கும்போது நாம் முந்திக்கொண்டு மார்க்கத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மூன்று பேர் நடந்துபோனால் ஆசிரியர் நடுவில். அவர் இறந்தால் பெற்றோருக்குச் செய்வதுபோலவே உடுப்பைக் கிழித்துக்கொள்ள வேண்டும், அதுவும் நெஞ்சு தெரியும்வரை. பேச்சிலும் ஒரு வழக்கம் உண்டு: "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்" என்று கேட்பதற்குப் பதிலாக "ரபி என்ன நினைக்கிறார்" என்று, எதிரில் இருப்பவரையே மூன்றாம் ஆளாக வைத்துக் கேட்பது.

குளியலறையில், கழிப்பறையில் இதெல்லாம் கிடையாது. எழுவது மரியாதையாகத் தெரியும் இடத்தில்தான் எழ வேண்டும்.

பார்க்காததுபோல் இருந்துவிட்டால்?

இதையும் யோசித்திருக்கிறார்கள். அறிஞர் நான்கு முழத்துக்குள் வருவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டு, "நான் பார்க்கவே இல்லையே" என்று சொல்லலாமா என்று தல்மூத் கேட்கிறது. அந்த வசனத்தின் கடைசியில் "உன் தேவனுக்குப் பயந்திரு" என்று இருப்பது இந்த ஆளுக்காகத்தான் என்பது பதில். கண்ணை மூடியது தூக்கத்திலா தந்திரத்திலா என்று வெளியில் இருப்பவனுக்குத் தெரியாது, உள்ளே இருப்பவனுக்குத் தெரியும்.

வேலை செய்துகொண்டிருக்கிறவரும் எழ வேண்டுமா?

வேண்டாம். இன்னொருவருக்காகக் கூலிக்கு வேலை செய்கிற தொழிலாளி எழவே கூடாது, ஏனென்றால் அந்த நேரம் அவனுடையது இல்லை, முதலாளி காசு கொடுத்து வாங்கிய நேரத்தில் இவன் மரியாதை செய்யக் கூடாது. எனக்கு இது கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது, ஏனென்றால் ஒரு விஷயத்தில் மட்டும் இதற்கு விலக்கு உண்டு. அக்காலத்தில் விவசாயிகள் முதற்பலனைக் கூடையில் எடுத்துக்கொண்டு எருசலேமுக்குள் வரும்போது, அந்த ஊர்க் கைவினைஞர்கள் அத்தனை பேரும் வேலையை நிறுத்தி எழுந்து, "எங்கள் சகோதரர்களே, இன்ன ஊர்க்காரர்களே, நல்லபடி வந்தீர்களா" என்று விசாரிப்பார்களாம். அறிஞருக்கு எழாதவர்கள் அத்திப்பழக் கூடை சுமந்து வரும் நாட்டுப்புறத்தானுக்கு எழுந்தார்கள். கடமையை அதன் வேளையில் செய்கிறவன் அவ்வளவு உயர்ந்தவன் என்று ஒரு விளக்கம். இல்லை, இப்படி வரவேற்காவிட்டால் அடுத்த வருஷம் வரமாட்டான் என்று இன்னொரு விளக்கம். இரண்டாவதுதான் நடைமுறை தெரிந்தவர் சொன்னது.

எல்லாக் கடமையும் மக்களுக்குத்தானா? அறிஞருக்கு ஒன்றும் இல்லையா?

நிறைய இருக்கிறது. சொல்லப்போனால் எனக்கு இந்தப் பகுதிதான் முக்கியம், மேலே உள்ள விதிகளை மட்டும் படித்துவிட்டு நிறுத்துகிறவர்கள் பாதியைத்தான் படிக்கிறார்கள்.

முதலாவது, மக்களைச் சிரமப்படுத்தக் கூடாது. கூட்டத்தின் நடுவே போனால் எல்லாரும் எழ வேண்டியிருக்கும் என்றால் சுற்றுவழியில் போக வேண்டும். அப்படிச் சுற்றிப் போகிறவன் நீண்ட நாள் வாழ்வான் என்கிறார் அபாயே, ராவா காலத்து இன்னொரு பெரிய ஆள்.

இரண்டாவது, அறிஞர் எப்போதும் கண்காணிப்பில் இருக்கிறார். உடுப்பில் கறையோடு வெளியே வரும் அறிஞன் சாவுக்குரியவன் என்று ஒரு வாசகம் உண்டு, கடுமையாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். கடவுளின் பெயரை இழிவுபடுத்துவது என்றால் என்ன என்று கேட்டதற்கு ராவ் என்ற பெரிய ஆசிரியர் தன்னையே உதாரணம் காட்டினார்: என்னைப்போல் ஒருவன் கசாப்புக் கடையில் இறைச்சி வாங்கிவிட்டு உடனே காசு கொடுக்காமல் வந்தால், அதுதான். நாம் வாங்கினால் அது வெறும் கடன். அவர் வாங்கினால் பார்க்கிறவர்கள், தோரா படித்தவனே இப்படித்தான் போலிருக்கிறது என்பார்கள்.

மூன்றாவது, படிப்பைக் காட்டிச் சலுகை வாங்கக் கூடாது. ரபி தர்போன் கதை இதற்குச் சரியான உதாரணம். பருவம் முடிந்து உடைமையாளர்கள் கைவிட்ட நேரத்தில் ஒரு தோட்டத்தில் விழுந்து கிடந்த அத்திப்பழங்களைத் தின்றுகொண்டிருந்தார். அந்த வருஷம் முழுக்கத் திருட்டுக் கொடுத்து நொந்துபோயிருந்த ஆள் இவர்தான் திருடன் என்று பிடித்து, சாக்கில் போட்டுக் கட்டி, ஆற்றில் எறியத் தூக்கிக்கொண்டு போனான். உள்ளேயிருந்து, "ஐயோ, தர்போனை இவன் கொல்லப் போகிறானே" என்றார். பெயரைக் கேட்டதும் அவன் சாக்கைப் போட்டுவிட்டு ஓடிவிட்டான். உயிர் தப்பியவர் வாழ்நாள் முழுக்க வருந்தினாராம், தோராவின் கிரீடத்தை என் தேவைக்குப் பயன்படுத்திவிட்டேனே என்று. தர்போன் பெரிய பணக்காரர், காசு தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதுதான் அவருக்கு உறுத்தியது.

மரியாதை வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டால்?

ஆசிரியர் தன் மரியாதையை விட்டுக்கொடுத்தால் அது செல்லும். அரசன் விட்டுக்கொடுத்தால் செல்லாது, ஏனென்றால் அரசனின் மரியாதை அவனுடையது அல்ல.

ரபான் கம்லியேல் யூத சமூகத்தின் தலைவர். தன் மகனின் கல்யாண விருந்தில் அவரே நின்று மற்ற அறிஞர்களுக்குத் திராட்சை ரசம் ஊற்றினார். ரபி எலியேசர் கிண்ணத்தை வாங்க மறுத்தார். ரபி யெஹோசுவா வாங்கிக்கொண்டார். "என்ன இது, நாம் சாய்ந்திருக்க அவர் நின்று பரிமாறுவதா" என்று எலியேசர் கேட்க, ஆபிரகாம் வழிப்போக்கர்களுக்கு நின்று பரிமாறவில்லையா, அவர்கள் யார் என்று தெரியாமலே, என்றார் யெஹோசுவா. பக்கத்தில் இருந்த ரபி சாதோக் இன்னும் ஒருபடி மேலே போய், கடவுளே காற்றை வீசச்செய்து மழையைப் பெய்யச்செய்து எல்லாருக்கும் பந்தி போடுகிறாரே, நீங்கள் மனிதர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்களே என்றார்.

அப்படியானால் ஆசிரியரை எதிர்த்துக் கேள்வி கேட்பது அவமரியாதையா?

இல்லை. கேள்வி கேட்காமல் இருப்பதுதான் பெரும்பாலும் அவமரியாதை. ரபி யோஹனானும் ரேஷ் லாகிஷும் இதற்குப் பேர்போன ஜோடி. ரேஷ் லாகிஷ் முன்பு கொள்ளைக்காரனாக இருந்தவர், யோஹனான்தான் அவரைப் படிப்புக்குக் கொண்டுவந்து தன் தங்கையையும் மணமுடித்து வைத்தார். பிறகு ஒரு விவாதத்தில் யோஹனான் அந்தப் பழைய தொழிலைக் குத்திக்காட்ட, மனம் முறிந்து, ரேஷ் லாகிஷ் நோய்வாய்ப்பட்டு இறந்துபோனார். துக்கத்தில் இருந்த யோஹனானுக்குத் துணையாக எலியாசர் பென் பெதாத் என்ற கெட்டிக்காரரை அனுப்பினார்கள். யோஹனான் என்ன சொன்னாலும் எலியாசர் "உங்கள் கருத்துக்கு ஆதாரம் இருக்கிறது" என்று ஒரு மேற்கோளை எடுத்து நீட்டினார். யோஹனான் வெடித்தார்: நீ லாகிஷின் மகனைப்போலவா (ரேஷ் லாகிஷைத்தான் அப்படிச் சொல்கிறார்)? நான் ஒன்று சொன்னால் அவன் 24 ஆட்சேபம் எழுப்புவான், நான் 24 பதில் சொல்வேன், விஷயம் தானாக விரியும். நான் சொன்னது சரி என்று எனக்கே தெரியாதா, அதைச் சொல்லவா நீ வந்தாய்? அதற்குப் பிறகு அவர் சித்தம் கலங்கி, உடுப்பைக் கிழித்துக்கொண்டு, லாகிஷின் மகனே எங்கே இருக்கிறாய் என்று அழுதபடி அலைந்தார்.

சரி, கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஆசிரியர் விதியை மீறுவதைப் பார்த்தால் "நீங்கள் செய்வது தப்பு" என்று சொல்வதில்லை. "ஐயா, நீங்கள் எங்களுக்கு இப்படி இப்படி அல்லவா கற்றுத்தந்தீர்கள்" என்று கேட்க வேண்டும். யூதச் சட்டத்தைத் தொகுத்த மைமோனிதீஸ் (1138–1204) இந்த வாக்கியத்தையே எழுதிவைத்திருக்கிறார். அவருடைய பாடத்தாலேயே அவரைப் பிடிப்பது. மரியாதையும் கெடவில்லை, விஷயமும் தப்பவில்லை.

ஓர் அறிஞரை இன்னொரு அறிஞரே அவமானப்படுத்தினால்?

அப்படி நடந்து பெரிய கலவரமே ஆனது, யவ்னே நகரத்தில், ஆலயம் இடிந்த அடுத்த தலைமுறையில். மேலே திராட்சை ரசம் ஊற்றிய அதே கம்லியேல்தான். மாலை ஜெபம் கட்டாயமா விருப்பமா என்று ஒரு சர்ச்சை. யெஹோசுவா தனியே ஒரு மாணவனிடம் விருப்பம் என்று சொல்லியிருந்தார், கம்லியேல் கட்டாயம் என்பவர். சபை நடுவே யெஹோசுவாவை எழுந்து நிற்கச் சொல்லிவிட்டு, தான் உட்கார்ந்து பாடம் நடத்திக்கொண்டே போனார். எழுந்து நிற்பது மரியாதை என்றேன் அல்லவா, அதே நிற்றல் இங்கே தண்டனை. ஏற்கெனவே நாட்காட்டித் தகராறில், யெஹோசுவாவின் கணக்குப்படி எது பாவநிவாரண நாளோ (பணத்தைத் தொடக்கூடாத புனித நாள்) அன்றே கைத்தடியும் பணப்பையுமாகத் தன்னிடம் வரவேண்டும் என்று அவரை வரவழைத்தவர் கம்லியேல். இந்தத் தடவை கூட்டம் முணுமுணுத்தது, பாடம் சொல்லிக்கொண்டிருந்தவரை நிறுத்தச் சொன்னார்கள், தலைவரையே பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். அந்த இடத்துக்கு வந்தது 18 வயது எலியாசர் பென் அசரியா. உனக்கு ஒரு நரைமுடிகூட இல்லையே என்றாள் அவர் மனைவி, உடனே தாடி நரைத்துவிட்டது என்பது கதை. வாசற்காவலனை எடுத்துவிட்டார்கள், பாடசாலைக்குள் நூற்றுக்கணக்கான பெஞ்சுகள் கூடுதலாகப் போட வேண்டியிருந்தது.

கம்லியேல் மன்னிப்புக் கேட்க யெஹோசுவாவின் வீட்டுக்குப் போனார். சுவரெல்லாம் கறுப்பு. சுவரைப் பார்த்தால் நீர் கரி சுடுகிறவர் என்று தெரிகிறதே என்றார். அதற்கு யெஹோசுவா சொன்ன பதிலை நான் எத்தனை முறை படித்தாலும் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் மேலே போகிறேன்: நீர் தலைவராக இருக்கிற தலைமுறைக்கு ஐயோ, படித்தவர்களின் கஷ்டம் உமக்குத் தெரியாது, எதைச் செய்து பிழைக்கிறார்கள், எதைத் தின்கிறார்கள் என்று தெரியாது. மன்னித்துவிடும் என்றார் கம்லியேல். யெஹோசுவா கண்டுகொள்ளவில்லை. என் தகப்பனார் முகத்துக்காகவாவது என்றார். அதற்குத்தான் இறங்கிவந்தார்.

அகிவாவின் மாணவர்கள் இறந்தது இதற்காகத்தான் என்கிறார்களே?

ஆம், அப்படித்தான் தல்மூத் சொல்கிறது. ரபி அகிவாவுக்கு 24,000 மாணவர்கள், பஸ்காவுக்கும் வாரங்களின் பண்டிகைக்கும் இடையே அத்தனை பேரும் இறந்தார்கள், ஒருவரை ஒருவர் மதிக்காததால். அதனால்தான் இன்றும் அந்த 49 நாட்களில் பெரும்பகுதிக்குக் கல்யாணம் வைப்பதில்லை, முடி வெட்டுவதில்லை. 33-ஆம் நாள் மட்டும் விலக்கு, அன்று நெருப்பு மூட்டிக் கொண்டாடுகிறார்கள்.

அகிவாவே நாற்பது வயதுவரை எழுத்து வாசிக்கத் தெரியாதவர் என்பது மரபு. நான் படிக்காதவனாக இருந்தபோது, ஒரு படித்தவன் கையில் கிடைத்தால் கழுதை கடிப்பதுபோல் கடித்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன் என்று அவரே மாணவர்களிடம் சொன்னார். நாய்போல் என்று சொல்லுங்கள் என்றார்கள். இல்லை, கழுதைதான், நாய் கடித்தால் எலும்பு உடையாது என்றார்.

பெற்றோரா, ஆசிரியரா, யார் முதலில்?

மிஷ்னா ஒரு வழக்கு வைக்கிறது: தகப்பனின் பொருளும் ஆசிரியரின் பொருளும் தொலைந்துவிட்டன, எதை முதலில் தேடுவது? ஆசிரியருடையதை. தகப்பன் இந்த உலகத்துக்குக் கொண்டுவந்தான், ஆசிரியர் வரும் உலகத்துக்குக் கொண்டுபோகிறார். தகப்பனும் அறிஞர் என்றால் தகப்பனுக்கு முதலிடம். பதினாறாம் நூற்றாண்டில் போலந்தின் மோசே இசர்லெஸ் இதற்கு ஒரு குறிப்புச் சேர்த்தார்: ஆசிரியர் சும்மா சொல்லிக்கொடுத்தால்தான் இந்தக் கணக்கு, தகப்பன் சம்பளம் கொடுத்து ஆசிரியரை வைத்திருந்தால் தகப்பனுக்கே எல்லாவற்றிலும் முதலிடம் என்று சொல்வோரும் உண்டு. ஃபீஸ் கட்டுகிற பெற்றோர் நிம்மதியாக இருக்கலாம்.

அந்த அறிஞரே கெட்டவராக இருந்தால்? பணமோசடி, பாலியல் குற்றம் என்று செய்தி வருகிறதே?

இதற்குப் பதில் தெளிவாகவே இருக்கிறது. கடவுளின் பெயர் இழிவுபடும் இடத்தில் ரபிக்கு மரியாதை கிடையாது என்பது தல்மூத் விதி. உள்ளும் புறமும் ஒன்றாக இல்லாதவன் அறிஞனே அல்ல என்று ராவா சொன்னார். ஆசிரியர் தேவதூதனைப்போல் இருந்தால் அவன் வாயிலிருந்து தோராவைத் தேடு, இல்லையென்றால் தேடாதே என்று இன்னொன்று. கெட்ட பெயர் எடுத்த ஓர் அறிஞரை, அவர் தேவைப்படுகிற ஆளாக இருந்தும், ராவ் யெஹூதா விலக்கி வைத்த சம்பவமும் பதிவாகியிருக்கிறது.

ஆனால் புத்தகத்தில் இருப்பதும் தெருவில் நடப்பதும் ஒன்றல்ல. "ரபியைப் பற்றிப் பேசாதே, பாவம்" என்று சொல்லிப் பாதிக்கப்பட்டவர் வாயை அடைப்பது பல சமூகங்களில் நடந்திருக்கிறது, இன்னும் நடக்கிறது. அப்படி அடைக்கிறவர்கள் மேலே சொன்ன விதியைத் தாண்டித்தான் போகிறார்கள்.

இவர்களால் என்ன பயன் என்று கேட்கிற யூதர்கள் இல்லையா?

எப்போதும் உண்டு. பாபிலோனில் பென்யமீன் என்ற வைத்தியரின் வீட்டார் கேட்டார்கள்: இந்த ரபிகளால் நமக்கு என்ன பிரயோஜனம், காக்கையைத் தின்னலாம் என்றும் சொன்னதில்லை, புறாவைத் தின்னக் கூடாது என்றும் சொன்னதில்லை. (வேதத்தில் காக்கை தடை, புறா அனுமதி, அதை மாற்றவா போகிறார்கள் என்ற கிண்டல்.) அவர்கள் வீட்டிலிருந்து இறைச்சி பற்றிச் சந்தேகம் கேட்டு வந்தால் ராவா விடமாட்டார். தின்னலாம் என்று தீர்ப்பானால் "பாருங்கள், காக்கையை அனுமதித்துவிட்டேன்" என்பார். கூடாது என்றால் "புறாவைத் தடுத்துவிட்டேன்" என்பார்.

இன்று இஸ்ரேலில் இந்தக் கேள்வி கிண்டலாக இல்லை. 1948-இல் முதல் பிரதமர் பென் குரியன் 400 யெஷிவா மாணவர்களுக்கு ராணுவ சேவையிலிருந்து விலக்குக் கொடுத்தார், ஐரோப்பாவின் யெஷிவாக்கள் எல்லாம் நாஜிகளால் அழிந்துபோயிருந்த நேரம். அந்த எண்ணிக்கை பிறகு பல பத்தாயிரங்களாக வளர்ந்தது. 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் அவர்களையும் படையில் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. ஒரு பக்கம், தோரா படிப்பவர்கள்தான் நாட்டின் உண்மையான காவல் என்கிறார்கள், அறிஞர்களுக்கு நகரைக் காக்கும் சுவருக்கான வரியே கிடையாது என்று தல்மூத்தையும் காட்டுகிறார்கள். மறுபக்கம், என் பிள்ளை மட்டும் ஏன் போக வேண்டும் என்று கேட்கிறார்கள், அவர்கள் கையிலும் ஆதாரம் இருக்கிறது: வேலை செய்யாமல் தர்மக் காசில் வாழ்ந்துகொண்டு தோரா படிப்பேன் என்று தீர்மானிப்பவன் கடவுளின் பெயரை இழிவுபடுத்துகிறான் என்று எழுதியவர் மைமோனிதீஸ். அவர் எகிப்தில் வைத்தியம் பார்த்துச் சம்பாதித்தவர். என் சாய்வு இரண்டாவது பக்கம், மறைக்க ஒன்றுமில்லை.

பெண்களுக்கு இந்த மரியாதை உண்டா?

பழைய சட்டத்தில் அறிஞரின் மனைவிக்கும் விதவைக்கும் உண்டு. பெண்ணே அறிஞராக இருப்பது அப்போது அரிது. ரீகாவில் பிறந்த நெஹாமா லெய்போவிட்ஸ் (1905–1997) அதை மாற்றியவர்களில் முக்கியமானவர். வாராந்திர தோராப் பகுதிக்குக் கேள்வித்தாள் தயாரித்து 1942 முதல் சுமார் முப்பது வருஷம் தபாலில் அனுப்பினார், ராணுவத்தினர், கிபுட்ஸ் எனப்படும் கூட்டுப்பண்ணைக்காரர்கள், ரபிகள் என்று யார் யாரோ விடை எழுதி அனுப்ப, சிவப்பு மையால் தானே திருத்தித் திருப்பி அனுப்புவார். பேராசிரியராக இருந்தும், கல்லறையில் பெயருக்குக் கீழே "மோரா" என்று மட்டுமே இருக்கிறது. ஆசிரியை என்று பொருள்.

யூதரல்லாத அறிஞருக்கு?

அதற்கும் ஒரு ஆசீர்வாதம் உண்டு. பெரிய தோரா அறிஞரைக் கண்டால், தன் ஞானத்தைத் தனக்கு அஞ்சுவோருக்குப் "பங்கிட்ட" கடவுளுக்கு ஸ்தோத்திரம் என்பார்கள். மற்ற இனத்துப் பெரிய அறிஞரைக் கண்டால், தன் ஞானத்தை மனிதருக்குக் "கொடுத்த" கடவுளுக்கு என்பார்கள். வயதானவர் விஷயத்தில் ரபி யோஹனான் பேதமே பார்க்கவில்லை. யூதரல்லாத கிழவர்களுக்கும் எழுந்து நிற்பார், இவர்கள் தலைமேல் எத்தனை கஷ்டம் கடந்து போயிருக்கும் என்பார்.

வயதாகிப் படித்தது மறந்துபோனவரை என்ன செய்வது?

தொடர்ந்து மரியாதை செய்ய வேண்டும். பத்துக் கட்டளைகள் பொறித்த, மோசே உடைத்த முதல் கற்பலகைகளின் துண்டுகளையும் எறியவில்லை, முழுப் பலகைகளோடு அதே பெட்டியில்தான் வைத்திருந்தார்கள்.

இன்றைக்கு இது எந்த அளவில் இருக்கிறது?

2013 அக்டோபர் 7-ஆம் தேதி ஓவாதியா யோசேப் இறந்த அன்றே எருசலேமில் அடக்கம். பாக்தாத்தில் பிறந்தவர், இஸ்ரேலில் செபார்தி (ஸ்பெயின் மரபு) யூதர்களின் தலைமை ரபியாக இருந்தவர். அன்று இரவு 7, 8 லட்சம் பேர் தெருவில் இருந்தார்கள் என்று மதிப்பிட்டார்கள், நகரமே ஸ்தம்பித்தது. செபார்தி, கீழைநாட்டு யூதர்களிடம் அறிஞரை ஹகாம் என்பதும் கையை முத்தமிடுவதும் சகஜம். நமக்குப் பக்கத்தில் கொச்சியில் 1615-இல் இறந்த கவிஞர், ஞானி நெஹெமியா மோத்தாவின் கல்லறை இருக்கிறது, யூதர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் போய்விட்ட பிறகும் அக்கம்பக்கத்து இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர்கள் வந்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள்.

நான் ஒரு ரபியைச் சந்திக்கப் போகிறேன், எப்படி நடந்துகொள்வது?

அவர் வந்தால் எழுந்து நில்லுங்கள், "ரபி" என்று கூப்பிடுங்கள், பெயர் வேண்டாம். பழக்க தோஷத்தில் காலில் விழுந்துவிடாதீர்கள், சங்கடப்படுவார். நீங்கள் பெண்ணாக இருந்தால் கைகுலுக்கக் கை நீட்ட வேண்டாம், அவரே நீட்டினால் சரி. தயக்கமில்லாமல் கேள்வி கேளுங்கள், பதிலுக்கு அவரும் ஒரு கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

விடைபெறும்போது சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பாமல் இரண்டடி பின்வாங்கிவிட்டுத் திரும்புவது அழகு. இந்த வழக்கத்துக்குப் பின்னாலும் ராவாதான் இருக்கிறார். தன் ஆசிரியர் ராவ் யோசேப்பிடம் விடைபெற்றால் முகத்தை அவர் பக்கமே வைத்துக்கொண்டு பின்னோக்கியே நடப்பார், கால் வாசற்படியில் இடித்து அந்தப் படி இரத்தமாகும்வரை. இதை ராவ் யோசேப்புக்கு வேறு யாரோதான் சொல்ல வேண்டியிருந்தது. அவருக்குக் கண் தெரியாது.